கட்டடத்துக்கு மரம் வாங்குமுன்: காட்டைப் பேணி வெட்டிய மரத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி

வீடு கட்டவோ பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கவோ இறங்கும் ஒருவர் மரக்கடையில் முதலில் கேட்பது "எது நல்ல மரம்?" என்றுதான். கடைக்காரரும் ஒரு பெயரைச் சொல்வார். அநேகமாக அது கடையில் இருப்பதிலேயே கனமான, விலை கூடிய மரமாக இருக்கும். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு வேறு இரண்டைக் கேட்கப் பழகுங்கள். இந்த மரம் கட்டடத்தில் எந்த இடத்துக்குப் போகிறது? இது எந்தக் காட்டிலிருந்து, யார் யார் கை மாறி வந்தது, அதற்குக் காகிதம் இருக்கிறதா?

காட்டுக்குக் கேடு செய்யாத மரம் என்று தனியாக ஓர் இனம் கிடையாது. தேக்கையே எடுத்துக்கொள்வோம். ஒழுங்காகப் பராமரிக்கும் தோப்பிலிருந்தும் அது வரும், இயற்கைக் காட்டில் திருட்டுத்தனமாக வெட்டியும் வரும். பலகையைத் தட்டிப் பார்த்தும் முகர்ந்து பார்த்தும் இந்த இரண்டையும் பிரித்துவிட முடியாது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் இன்டர்போலும் 2012-ல் வெளியிட்ட அறிக்கை, உலகம் முழுக்க வெட்டப்படும் மரத்தில் 15 முதல் 30 சதவீதம் வரை சட்டவிரோதமானது என்று மதிப்பிட்டது. அதாவது, விசாரிக்காமல் வாங்கினால் திருட்டு மரம் நம் கூரையில் ஏறுவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

பேணி வெட்டுவதன் அடிப்படை எளிமையானது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபொன் கார்லோவிட்ஸ், சுரங்கங்களுக்கும் உலைகளுக்கும் மரம் தீர்ந்துகொண்டே வருவதைக் கண்டு, காடு திரும்ப வளரும் அளவுக்கு மேல் வெட்டக் கூடாது என்று 1713-லேயே எழுதினார். முதல் தொகையில் கை வைக்காமல் வட்டியில் குடும்பம் நடத்துவது மாதிரிதான் இது. ஒரு காடு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 4 கன மீட்டர் வளர்கிறது என்று வைத்துக்கொண்டால், 100 ஹெக்டேரிலிருந்து ஆண்டுக்கு 400 கன மீட்டருக்கு மேல் எடுத்தால் காடு சுருங்கத் தொடங்கும். இன்றைக்கு இந்தக் கணக்கோடு இன்னும் பல சேர்ந்திருக்கின்றன: ஓடைக்கரை மரங்களைத் தொடாமல் விடுவது, விதை மரங்களை நிற்கவிடுவது, அரிய உயிர்களின் வாழிடத்தைக் காப்பது, காட்டில் வாழும் மக்களின் உரிமையை மதிப்பது, வெட்டும் தொழிலாளிக்குச் சரியான கூலியும் பாதுகாப்பும் தருவது. இயற்கைக் காட்டை மொட்டையடித்துவிட்டு அந்த இடத்தில் ஒற்றை இனத் தோப்பு வைத்து, "நாங்கள்தான் மரம் நடுகிறோமே" என்று சொல்வது இதில் சேராது.

முதல் படி: பட்டியல் போட்டு அளவைக் குறையுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, கட்டடத்தில் மரம் வரும் இடங்களையெல்லாம் எழுதுங்கள். உத்தரம், கைமரம், ரீப்பர், நிலைச்சட்டம், கதவு, ஜன்னல், தரைப்பலகை, வெளித்தளம், அலமாரி. கான்கிரீட் போட அடிக்கும் பலகையையும் சாரத்தையும் மறந்துவிடாதீர்கள். வேலை முடிந்ததும் காணாமல் போகிற மரம் என்பதால் அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதே இல்லை. ஒவ்வொன்றுக்கும் நேராக நீளம், அகலம், தடிமன், எண்ணிக்கை, கண்ணுக்குத் தெரியுமா மறைந்திருக்குமா, நனையுமா நனையாதா என்று குறித்துவையுங்கள்.

இந்தப் பட்டியலைப் பார்த்தாலே எங்கே வீணாகிறது என்று தெரியும். பலகைகள் குறிப்பிட்ட நீளங்களில்தான் கடைக்கு வருகின்றன. கடையில் 2.4 மீட்டரும் 3 மீட்டரும் இருக்க, உங்கள் வரைபடத்தில் 2.5 மீட்டர் என்று இருந்தால், ஒவ்வொரு 3 மீட்டர் பலகையிலும் அரை மீட்டர் துண்டாகக் கழிந்துபோகும். வரைபட நிலையிலேயே 10 சென்டிமீட்டரைக் குறைத்துவிட்டால் அந்தக் கழிவே இல்லை. அறுத்த அளவு வேறு, இழைத்த பிறகு கிடைக்கும் அளவு வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். கடைக்காரர் எந்த அளவைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

பாரம் தாங்கும் மரத்தை மட்டும் குத்துமதிப்பாகக் குறைக்காதீர்கள். அதை ஒரு கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்லட்டும். பல நேரங்களில் அவர் கணக்குப் போட்ட பிறகு அளவு குறையத்தான் செய்யும், ஏனென்றால் கணக்கில்லாமல் வேலை செய்பவர்கள் பயத்தில் தடிமனைக் கூட்டிவைக்கிறார்கள். பெரிய விட்டங்களுக்கு ஒரே பெருமரத்தைத் தேட வேண்டியதில்லை. சிறு பலகைகளைப் பசையிட்டு அடுக்கிச் செய்யும் குளூலாம் விட்டங்கள், மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்யும் எல்.வி.எல். சட்டங்கள் இரண்டும் இளம் தோப்பு மரத்திலிருந்தே நீண்ட விட்டத்தைத் தந்துவிடுகின்றன. நூறு வயது மரம் ஒன்று நிற்க, அதே வேலை நடந்துவிடுகிறது. ஒட்டுப்பலகை வாங்கும்போது, பசையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவின் அளவுக்கான தரக்குறியீட்டைக் கேளுங்கள். பூட்டிய அறையில் படுத்துறங்குகிறவர்களுக்கு அது முக்கியம்.

இரண்டாம் படி: இடத்துக்குத் தக்க மரம்

என் கருத்தில் காடுகளுக்கு வரும் கேட்டில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான் நடக்கிறது. மழையே படாத உள்ளறை அலமாரிக்கு, கடல் நீரில் நின்றாலும் அழுகாத வெப்பமண்டலக் கடினமரத்தைப் போடுகிறோம். தேவையில்லாத வலிமைக்காக, வளர நூறாண்டு எடுத்த மரம் போகிறது.

ஐரோப்பியத் தரநிலைகள் மரம் இருக்கும் இடத்தை ஐந்து வகுப்பாகப் பிரிக்கின்றன. இந்தப் பிரிவு எந்த நாட்டில் கட்டுபவருக்கும் உதவும். முதல் வகுப்பு, உள்ளே எப்போதும் உலர்ந்திருப்பது. இரண்டாவது, கூரைக்கு அடியில் இருந்தாலும் எப்போதாவது ஈரம் படக்கூடியது. மூன்றாவது, வெளியே மழைபட இருப்பது, ஆனால் மண்ணைத் தொடாதது. நான்காவது, மண்ணையோ நன்னீரையோ தொட்டுக்கொண்டிருப்பது. ஐந்தாவது, கடல் நீரில் நிற்பது. மரத்தின் இயல்பான தாங்குதிறனுக்கும் இப்படி ஐந்து வகுப்பு உண்டு. அதில் ஒன்று மிக உறுதியானது, ஐந்து மிக எளிதில் அழுகுவது. உங்கள் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அந்த இடத்தின் வகுப்பு எண்ணை, ஒன்றிலிருந்து ஐந்துக்குள், எழுதுங்கள். சாதாரண வீட்டில் பெரும்பாலான வரிகளுக்கு ஒன்று அல்லது இரண்டுதான் வரும். அங்கெல்லாம் தோப்பில் வேகமாக வளரும் பைன் போன்ற மென்மரங்களே போதும். ஒரே ஒரு விதிவிலக்கு கரையான். கரையான் உள்ள இடத்தில் உலர்ந்த உள்ளறை மரத்துக்கும் காப்பு வேண்டும்.

அடுத்து, எந்த இனமானாலும் வைரம் பாய்ந்த நடுப்பகுதிக்குத்தான் அந்தத் தாங்குதிறன். சுற்றியிருக்கும் வெள்ளைப் பகுதி தேக்கில் இருந்தாலும் வேங்கையில் இருந்தாலும் சீக்கிரம் உளுத்துப்போகும். இளம் மரங்களில் வெள்ளைப் பகுதி அதிகம். ஆகவே "தேக்கு" என்ற பெயரை மட்டும் நம்பி முக்கால்வாசி வெள்ளையாக இருக்கும் சட்டத்தை வெளியே வைத்தால், சில மழைக்காலத்திலேயே மாற்ற வேண்டியிருக்கும். மாற்றுவதற்கு இன்னொரு மரம் வெட்டப்பட வேண்டும்.

வெளியே வைக்கக் கடினமரம் ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். அழுத்தமூட்டி மருந்து ஏற்றிய மென்மரம் மூன்றாம், நான்காம் வகுப்பு இடங்களில் நன்றாக உழைக்கும். அதில் எந்த மருந்து என்று கேளுங்கள். செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த பழைய மருந்தை வீட்டு உபயோகத்திலிருந்து பல நாடுகள் விலக்கிவிட்டன; ஆர்சனிக் இல்லாத செம்பு மருந்துகள் இப்போது கிடைக்கின்றன. போரான் மருந்து மனிதருக்குக் கெடுதல் குறைந்தது, ஆனால் தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும் என்பதால் உள்ளே மட்டும்தான் அது பயன்படும். மருந்தே வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. 180 முதல் 230 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிப் பக்குவப்படுத்திய மரம் ஒன்று. இது அழுகலைத் தாங்கும், ஆனால் கொஞ்சம் நொறுங்கும் தன்மை வந்துவிடும், அதனால் பாரம் தாங்கும் இடத்தில் வைக்கக் கூடாது. இன்னொன்று அசிட்டிலேற்றம் செய்த மரம், அதாவது வினிகர் அமிலத்தோடு தொடர்புள்ள வேதிப்பொருளால் ஈரத்தை எளிதில் உறிஞ்சாதபடி மாற்றியது. தோப்பில் வளர்ந்த ரேடியாட்டா பைனை இப்படி மாற்றி அக்கோயா என்ற வணிகப் பெயரில் விற்கும் மரம், தாங்குதிறனில் முதல் வகுப்பையே எட்டுகிறது.

வேறு பயனுக்காக வளர்த்து, அந்தப் பயன் முடிந்தபின் வெட்டும் மரங்களையும் கணக்கில் எடுங்கள். ரப்பர் மரம் 25 முதல் 30 ஆண்டு வரை பால் தந்துவிட்டு எப்படியும் வெட்டப்படுகிறது. அந்தப் பலகை அலமாரிக்கும் உட்கதவுக்கும் படிக்கட்டுக்கும் அருமையானது. வெட்டிய சில நாட்களுக்குள் மருந்தேற்றி உலர்த்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் பூஞ்சையும் உளுவண்டும் பிடித்துவிடும். வெளியே வைக்கவே கூடாது. காய்ப்பு ஓய்ந்த தென்னையின் வெளிச்சுற்று நல்ல உறுதியானது, நடுப்பகுதி பஞ்சு மாதிரி இருக்கும். ஆகவே தென்னஞ்சட்டம் எந்தப் பகுதியிலிருந்து அறுக்கப்பட்டது என்று பார்க்காமல் கைமரத்துக்கு வாங்காதீர்கள். மூங்கில் மூன்று முதல் ஐந்து வயதில் முற்றிவிடும், வெட்டினால் அதே குத்திலிருந்து மறுபடி முளைக்கும். அதற்கும் போரான் மருந்து அவசியம்.

மூன்றாம் படி: மரத்தின் முழுப் பெயரைக் கேளுங்கள்

கடையில் புழங்கும் பெயர்கள் தாராளமானவை. மஹோகனி என்று விற்பது அமெரிக்கக் கண்டத்தின் ஸ்வீட்டேனியாவாக இருக்கலாம், ஆப்பிரிக்காவின் கயாவாக இருக்கலாம், இரண்டுக்கும் உறவே இல்லாத சிவப்பு மரமாகவும் இருக்கலாம். மெராண்டி என்ற ஒரே பெயருக்குள் ஷோரியா பேரினத்தின் எத்தனையோ இனங்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் சில அழிவின் விளிம்பில் இருப்பவை. அதனால் தாவரவியல் பெயரும் வெட்டப்பட்ட நாடும் பில்லில் எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். எழுதித் தர முடியாது என்று ஒருவர் சொன்னால் உங்களுக்கு வேண்டிய பதில் அதிலேயே கிடைத்துவிட்டது.

பெயர் கிடைத்ததும் இரண்டு பட்டியல்களில் தேடுங்கள். ஒன்று, எந்த இனம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யு.சி.என்.) சிவப்புப் பட்டியல். மற்றது, அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியல். 1973-ல் கையெழுத்தாகி 1975-ல் நடைமுறைக்கு வந்த இந்த ஒப்பந்தத்தில் மரங்களும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பிரேசில் ரோஸ்வுட் 1992-லிருந்து முதல் இணைப்பில், அதாவது வணிகத்துக்காக எல்லை தாண்டவே கூடாது என்ற பிரிவில் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தின் பெரிய இலை மஹோகனி 2003 முதல் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. ஏற்றுமதி செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும். ரோஸ்வுட் இனங்கள் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம், பிரேசில் ரோஸ்வுட் தவிர முழுவதும், 2017-ல் அதே பிரிவுக்குள் வந்தது. வெளித்தளம் போட உலகெங்கும் விரும்பப்படும் இப்பே, குமாரு இரண்டையும் சேர்க்க 2022-ல் முடிவெடுத்து, 2024 நவம்பரில் நடைமுறைப்படுத்தினார்கள். இப்பே மரம் அமேசான் காட்டில் மிகச் சிதறலாகத்தான் வளரும். ஒரு மரத்தை எடுக்கவே பாதை போட்டு வழியிலுள்ள காட்டைக் கலைக்க வேண்டியிருக்கிறது. வெளித்தளத்துக்கு முந்தைய படியில் சொன்ன பக்குவப்படுத்திய மென்மரங்களே இருக்கும்போது இப்பேயைத் தேடிப் போக ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

நான்காம் படி: முத்திரையைப் பாருங்கள், அதைவிடக் கவனமாக பில்லைப் பாருங்கள்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான்.

பேணி வெட்டிய மரத்துக்கு உலக அளவில் இரண்டு சான்றுகள் பரவலாகக் கிடைக்கின்றன. எஃப்.எஸ்.சி. (ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்) 1993-ல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் கூடிய புவி மாநாட்டில் நாடுகளுக்கிடையே காடுகளுக்கென்று கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் உருவாகாமல் போனது. அந்த ஏமாற்றத்துக்குப் பிறகு சுற்றுச்சூழல் அமைப்புகளும் வணிகர்களும் சமூக அமைப்புகளும் சேர்ந்து உருவாக்கியது இது. எல்லா நாட்டுக்கும் பொதுவான பத்துக் கோட்பாடுகள் இதற்கு உண்டு. பி.இ.எஃப்.சி. 1999-ல் ஐரோப்பாவின் சிறு வனவுடைமையாளர்களின் முயற்சியில் பிறந்தது. இது நாட்டுக்கு நாடு ஏற்கனவே இருக்கும் சான்று முறைகளை ஆராய்ந்து ஏற்கும் குடை அமைப்பு. அதனால் பி.இ.எஃப்.சி. முத்திரையின் கண்டிப்பு நாட்டுக்கு நாடு கொஞ்சம் வேறுபடும். வெப்பமண்டலக் காட்டு மரம் என்றால் எஃப்.எஸ்.சி.யைக் கேளுங்கள் என்பேன். வட ஐரோப்பிய, வட அமெரிக்க மென்மரம் என்றால் இரண்டில் எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளலாம். குறையே இல்லாத முத்திரை கிடையாது. எஃப்.எஸ்.சி.யில் உறுப்பினராக இருந்த கிரீன்பீஸ் இன்டர்நேஷனல் 2018-ல், ஆபத்து மிகுந்த பகுதிகளில் அது காடுகளைச் சரியாகக் காக்கவில்லை என்று சொல்லி விலகியது. அப்படியும், ஒன்றும் கேட்காமல் வாங்குவதைவிட முத்திரை கேட்டு வாங்குவது பல மடங்கு மேல்.

எஃப்.எஸ்.சி.யில் மூன்று வகை முத்திரை உண்டு. "100%" என்றால் மரம் முழுவதும் சான்று பெற்ற காட்டிலிருந்து வந்தது. "ரீசைக்கிள்டு" என்றால் ஏற்கனவே பயன்படுத்திய மரத்திலிருந்து செய்தது. "மிக்ஸ்" என்றால் சான்று பெற்ற மரம், பழைய மரம் இவற்றோடு, சான்று பெறாத ஆனால் கட்டுப்பாட்டுக்குள் வாங்கிய மரமும் கலந்திருக்கலாம். அந்தக் கலப்பு மரம் ஐந்து கெடுதிகளிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது: சட்டவிரோத வெட்டு, மக்களின் மரபுரிமைகளையும் மனித உரிமைகளையும் மீறிய வெட்டு, உயர்மதிப்புள்ள காடுகளுக்கு ஆபத்தான வெட்டு, இயற்கைக் காட்டைத் தோப்பாகவோ வேறு நிலமாகவோ மாற்றிய வெட்டு, மரபணு மாற்றிய மரம். ஒட்டுப்பலகையிலும் துகள் பலகையிலும் பெரும்பாலும் மிக்ஸ்தான் கிடைக்கும். அது மோசமில்லை. ஆனால் பாரம் தாங்கும் சட்டத்துக்கும் கதவுக்கும் 100% கிடைத்தால் அதையே எடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். பலகையில் ஒட்டிய முத்திரையும் கடைச் சுவரில் தொங்கும் சான்றிதழும் ஆதாரம் ஆகாது. காட்டிலிருந்து உங்கள் கைக்கு வரும்வரை மரத்தைச் சொந்தமாக்கி விற்ற ஒவ்வொருவரிடமும் கைமாற்றுச் சங்கிலிச் சான்று இருக்க வேண்டும். நடுவில் ஒருவரிடம் இல்லாவிட்டாலும் சங்கிலி அறுந்துபோகும்; அதற்குப் பிறகு அந்த மரத்தைச் சான்று பெற்றது என்று விற்க முடியாது. அதனால் உங்கள் பில்லில் இரண்டு விவரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: கடையின் சங்கிலிச் சான்று எண்; சான்று பெற்ற ஒவ்வொரு பொருளுக்கும் நேராக "எஃப்.எஸ்.சி. 100%" என்றோ "எஃப்.எஸ்.சி. மிக்ஸ்" என்றோ எழுதிய வாசகம். பில்லின் அடியில் பொதுவாக "நாங்கள் எஃப்.எஸ்.சி. சான்று பெற்றவர்கள்" என்று அச்சடித்திருந்தால் போதாது. சான்று பெற்ற கடை சான்று பெறாத மரத்தையும் விற்கலாம், அது சட்டப்படி சரிதான்.

சான்று எண்ணை எஃப்.எஸ்.சி., பி.இ.எஃப்.சி. இரண்டின் பொதுத் தேடுபக்கத்திலும் யார் வேண்டுமானாலும் இலவசமாகச் சரிபார்க்கலாம். நான்கு விஷயங்கள் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் பில்லில் உள்ளதோடு பொருந்துகிறதா? சான்று இன்றைக்குச் செல்லுபடியாகிறதா, அல்லது இடைநிறுத்தப்பட்டிருக்கிறதா? நீங்கள் வாங்கும் பொருள் வகை அதன் எல்லைக்குள் வருகிறதா? அந்த மர இனம் அதில் குறிப்பிடப்பட்டிருக்கிறதா? கதவுக்கு மட்டும் சான்று வைத்திருப்பவர் கைமரத்தைச் சான்றோடு விற்க முடியாது.

வேறு சில முத்திரைகளையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கோதுமைக் கதிர் படத்தோடு "எச்.டி." என்று சூடுபோட்ட குறி, சரக்குப் பெட்டிகளிலும் பேலட்டுகளிலும் இருக்கும். மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றிப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம்; காட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. "சூழலுக்கு உகந்தது", "பசுமை மரம்" என்று இலை படம் போட்டு எழுதியிருப்பதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

சட்டப்படி வெட்டியது என்பதும் பேணி வெட்டியது என்பதும் ஒன்றல்ல, ஆனால் முதலாவது இல்லாமல் இரண்டாவது இல்லை. அமெரிக்காவின் லேசி சட்டம் 2008-ல் செய்த திருத்தத்தின் மூலம் சட்டவிரோத மரத்தைத் தடுக்கிறது. ஆஸ்திரேலியா 2012-ல் தனிச் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மர ஒழுங்குமுறை 2013-ல் நடைமுறைக்கு வந்தது. 2016-ல் இந்தோனேசியா, ஐரோப்பாவுக்கு அனுப்பும் மரத்துக்கு, சட்டப்படி வெட்டியது என்று உறுதி தரும் ஃப்ளெக்ட் உரிமம் வழங்கிய முதல் நாடானது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் இயற்றிய சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்திலிருந்து வந்த மரம் கூடாது என்று சொல்லி, மரம் வெட்டிய நிலத்தின் இருப்பிடத்தையே கேட்கிறது. இப்படிப்பட்ட சட்டம் உள்ள நாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் வணிகரிடம் அந்தக் காகிதங்கள் இருந்தாக வேண்டும். கேட்டால் தருவார்.

சான்று இல்லாத மரத்தை ஒதுக்கிவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. சான்று வாங்கச் செலவாகும், தணிக்கைக்கு ஆள் வர வேண்டும். சொந்த வயல் ஓரத்தில் நாற்பது மரம் வளர்க்கும் விவசாயிக்கு அது கட்டுப்படியாகாது. அவருடைய மரம் பல நேரங்களில் சான்று பெற்ற பெருந்தோப்பு மரத்தைவிடக் காட்டுக்கு நல்லது. நேரடியாகப் போய்ப் பார்க்கக்கூடிய தொலைவில் இருந்தால் போய்ப் பாருங்கள். நிலம் யாருடையது, வெட்டவும் எடுத்துச் செல்லவும் அனுமதி இருக்கிறதா, வெட்டிய இடத்தில் மறுபடி கன்று வைத்திருக்கிறார்களா அல்லது கட்டையிலிருந்து துளிர்க்க விட்டிருக்கிறார்களா, பக்கத்தில் இயற்கைக் காடு இருந்தால் அங்கிருந்து வெட்டிய மரம் இதோடு கலக்க வழி உண்டா என்று கேளுங்கள். நின்ற மரத்தின் அடிக்கட்டையைக் காட்டச் சொல்லுங்கள். புயலில் விழுந்தவை, சாலை அகலப்படுத்த வெட்டியவை போன்ற மரங்களும் நல்ல வாய்ப்பு. வெட்டியது யாருடைய முடிவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் "விழுந்த மரம்" என்ற பெயரில் நின்ற மரமும் வரும்.

பழைய மரம்

இடிக்கும் கட்டடத்திலிருந்து வரும் மரத்துக்காகப் புதிதாக எதையும் வெட்ட வேண்டியதில்லை. பெரும்பாலும் அது வைரம் பாய்ந்த முதுமரம், நன்றாக உலர்ந்து அடங்கியது. ஆணி பிடிக்கும் காந்தத்தையோ உலோகம் காட்டும் கருவியையோ ஓட்டிப் பார்க்காமல் அறுக்க அனுப்பாதீர்கள், ரம்பம் உடையும், ஆளுக்கும் ஆபத்து. பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. ரயில்பாதைக் கட்டைகளில் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். அவற்றை வீட்டுக்குள்ளோ காய்கறிப் பாத்திகளிலோ வைக்காதீர்கள். பழைய விட்டத்தை மறுபடி பாரம் தாங்க வைப்பதென்றால் பொறியாளர் பார்த்துத் தரம் சொல்ல வேண்டும். துளைகள், முன்பு வெட்டிய பொருத்துகள், உளுத்த முனைகள் எல்லாம் வலுவைக் குறைக்கும்.

கடைசிப் படி: பலகை, ஒப்பந்தம், வேலைத்தளம்

கடையில் ஒவ்வொரு சட்டத்தையும் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பாருங்கள். வளைவும் முறுக்கும் உடனே தெரியும். நடுவில் பெரிய கணு, விளிம்பில் கழன்று வரும் கணு, முனையில் ஆழமான வெடிப்பு, மாவு உதிரும் சிறு துளைகள் இருந்தால் வேண்டாம். ஈரமானி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளறை வேலைகளுக்கு ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதம், கட்டமைப்புச் சட்டங்களுக்கு 19 சதவீதத்துக்குள். பச்சை மரத்தின் ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் அது சுருங்கத் தொடங்கும். வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், குறுக்கே ஏற்படுவதைப் போல் இரு மடங்கு இருக்கும், அதனால்தான் பலகை குழிகிறது. பச்சையாகப் பொருத்திய கதவு பிறகு மூடாது, அதைக் கழற்றி வேறு மரம் போட வேண்டிவரும்.

ஒப்பந்தக்காரர் மூலம் கட்டுகிறவர்கள் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். வாய்மொழியில் விட்டால், சான்று மரம் வரத் தாமதமாகிறது என்று வேலை நடுவில் வேறு மரம் வந்திறங்கிவிடும். இப்படி எழுதலாம்: "இணைப்பிலுள்ள பட்டியலின் ஒவ்வொரு மரப்பொருளும் எஃப்.எஸ்.சி. அல்லது பி.இ.எஃப்.சி. சான்றோடு வாங்கப்பட வேண்டும். தாவரவியல் பெயர், வெட்டிய நாடு, சங்கிலிச் சான்று எண், சான்று வாசகம் ஆகியவை பில்லில் இருக்க வேண்டும். வேறு மரம் போடுவதாக இருந்தால் முன்னதாக எழுத்துமூலம் ஒப்புதல் பெற வேண்டும். பில்கள் வந்து சேர்ந்த பிறகே அந்த மரத்துக்கான தொகை தரப்படும்." கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் மற்ற மூன்றும் நிறைவேறுவது கடினம். சான்று மரம் கடையில் இருப்பு இல்லாமல் வரவழைக்க வேண்டியிருக்கும் என்பதால், அடித்தளம் போடும்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.

மரம் வந்திறங்கியதும் தரையிலிருந்து உயர்த்தி, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ஒரே தடிமனுள்ள ரீப்பர் துண்டுகளை வைத்து, காற்றோட்டமாக அடுக்குங்கள். மேலே மூடுங்கள், பக்கவாட்டில் மூடாதீர்கள். உள்ளறைப் பலகைகளை அவை பொருத்தப்படும் அறையிலேயே சில நாள் வைத்துப் பழகவிடுங்கள். பொருத்தும்போது தூணின் அடி நேராக மண்ணிலோ கான்கிரீட்டிலோ நிற்காமல் உலோகப் பாதத்தில் நிற்கட்டும். அறுத்த முனைகள்தான் தண்ணீரை உறிஞ்சும், அவற்றுக்கு மெழுகோ வர்ணமோ பூசுங்கள். மருந்தேற்றிய மரத்தை அறுத்தால் அறுத்த இடத்தில் மறுபடி மருந்து தடவ வேண்டும். கூரை விளிம்பு நன்றாக வெளியே நீண்டிருந்தால் சுவரும் ஜன்னல் சட்டமும் நனையாமல் தப்பும். மரத்தின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். 500 கிலோ உலர்ந்த மரம் வளர்ந்தபோது காற்றிலிருந்து இழுத்த கார்பன் டை ஆக்ஸைடு சுமார் 900 கிலோ வரும். மரம் அழுகாமல் நிற்கும்வரைதான் அந்தக் கார்பனும் அதற்குள் இருக்கும். அதனால் ஈரம் படாமல் காப்பதையும் மரம் தேர்ந்தெடுக்கும் வேலையின் பகுதியாகவே நினைக்கிறேன்.

வேலை முடிந்ததும் எல்லா பில்களையும் சான்று எண்களையும், எந்த இடத்தில் எந்த இனம், என்ன மருந்து, எந்த ஆண்டு என்ற குறிப்பையும் கட்டடத்தின் மற்ற ஆவணங்களோடு சேர்த்து வையுங்கள். பின்னாளில் பிரிப்பவர் அந்த மரத்தைத் தயங்காமல் மறுபடி எடுத்துக்கொள்ள அது உதவும். மிஞ்சிய நல்ல துண்டுகளை அளவு எழுதி எடுத்துவையுங்கள், பழுது பார்க்கும்போது தேடுவீர்கள். மருந்தேற்றிய துண்டுகளை மட்டும் தனியே பிரித்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள். அவற்றை அடுப்பிலோ வெளியிலோ எரிக்கக் கூடாது, புகையும் சாம்பலும் நச்சு.